குளிர்ச்சிக்கு என்ன விலை?
ஹைபிரிட் காரின் காற்றும் கணக்கும்

சென்னையிலிருந்து திருச்சி செல்லும் தேசிய நெடுஞ்சாலையில் செங்கற்பட்டைத் தாண்டி, பாலாற்றுப் பாலத்தையும் படாளத்தையும் கடந்தால் வருவது கருங்குழி. அதற்கடுத்து மதுராந்தகம். சித்திரை, வைகாசி மாதங்களில் இந்தச் சாலையோரத்தில் நண்பகல் வேளையில் ஒரு காரை நிறுத்திவிட்டு, சாப்பாட்டை முடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பி வந்து கதவைத் திறந்து பாருங்கள். அனல் முகத்தில் அடிக்கும். ஸ்டியரிங்கைத் தொட இயலாது. அப்போது நம்மில் பலர் செய்வது என்ன? எல்லாக் கண்ணாடிகளையும் ஏற்றிவிட்டு, ஏ.சி.யை மிகக் குறைந்த வெப்பநிலையில் வைத்து, கார் குளிரும்வரை நின்ற இடத்திலேயே காத்திருக்கிறோம்.

இதில் பெட்ரோலும் வீணாகிறது, நேரமும் வீணாகிறது. சாதாரணக் காருக்கே இது பொருந்தும் என்றாலும், இப்போது நம் சாலைகளில் பெருகிவரும் ஹைபிரிட் கார்களுக்கு இன்னும் நன்றாகப் பொருந்தும். காரணத்தைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். பள்ளியில் படித்த வெப்ப இயற்பியலே இதற்குப் போதுமானது.

ஹைபிரிட் கார் என்றால் என்ன?

பெட்ரோல் எஞ்சின் ஒன்று, மின்மோட்டார் ஒன்று, மோட்டாருக்கு மின்சாரம் தரும் மின்கல அடுக்கு ஒன்று – இம்மூன்றும் சேர்ந்து ஓட்டும் காரே ஹைபிரிட் கார். பிரேக் போடும்போது சாதாரணக் காரில் வெப்பமாக வீணாகும் ஆற்றலில் ஒரு பகுதியை இது மின்சாரமாக மாற்றிச் சேமித்துக்கொள்கிறது. சிக்னலில் நிற்கும்போதும், மெல்ல நகரும்போதும் எஞ்சின் தானாகவே நின்றுவிடுகிறது. இந்த இரண்டினால்தான் இதில் பெட்ரோல் மிச்சமாகிறது.

இவ்வகைக் கார்களில் முதன்முதலாகப் பெருமளவில் உற்பத்தி செய்யப்பட்டது டொயோட்டா நிறுவனத்தின் பிரியஸ். அது 1997 டிசம்பரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. நம் நாட்டில் 2013இல் கர்நாடகத்தின் பிடதி தொழிற்சாலையில் கேம்ரி ஹைபிரிட் தயாராகத் தொடங்கியது. 2022இல் ஹோண்டா சிட்டி, மாருதி கிராண்ட் விட்டாரா, டொயோட்டா ஹைரைடர் ஆகியவற்றின் ஹைபிரிட் வகைகளும், இன்னோவா ஹைகிராசும் வந்தபின் இவை நடுத்தரக் குடும்பத்தினரின் பேச்சிலும் இடம்பெறத் தொடங்கின.

ஏ.சி.யின் இதயம் கம்ப்ரஸர் என்னும் அமுக்கி. சாதாரணக் காரில் எஞ்சினோடு இணைந்த பெல்ட்டு இதைச் சுழற்றுகிறது. எஞ்சின் நின்றால் குளிர்ச்சியும் நின்றுவிடும். விசிறி மட்டும் ஓடும். முதல் பிரியஸிலும் இதே ஏற்பாடுதான் இருந்தது. 2003இல் வந்த இரண்டாம் தலைமுறை பிரியஸில் அமுக்கியை மின்சாரத்தால் ஓட்டும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தார்கள். அதன்பின் எஞ்சின் ஓய்வெடுக்கும்போதும் குளிர்ச்சி கிடைத்தது. 'மைல்டு ஹைபிரிட்' எனப்படும் சிறுவகைக் கார்களில் அமுக்கி இன்னும் பெல்ட்டில் ஓடுவதே வழக்கம். உங்கள் கார் எவ்வகை என்று அறிய எளிய வழி உண்டு. சிக்னலில் எஞ்சின் நின்றபின் வரும் காற்று சிறிது நேரத்தில் வெதுவெதுப்பாகிவிட்டால் அது பெல்ட்டு வகை.

வெயிலில் நிற்கும் கார்

கருங்குழி ஏறத்தாழ பன்னிரண்டரை டிகிரி வட அட்சரேகையில் உள்ளது. ஆகவே ஏப்ரல் கடைசி வாரத்திலும், ஆகஸ்டு மூன்றாம் வாரத்திலும் நண்பகலில் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. தெளிந்த வானத்தில் அப்போது ஒவ்வொரு சதுர மீட்டர் தரையின்மீதும் சுமார் 1 கிலோவாட் வெயில் விழுகிறது. காரின் கண்ணாடிகள் வழியே உள்ளே நுழைவதும் ஏறக்குறைய 1 கிலோவாட் இருக்கும். அதாவது, ஒரு இஸ்திரிப் பெட்டியைப் போட்டுவிட்டுக் காரைப் பூட்டிச் செல்வது போன்றது அது.

கண்ணாடி ஒளியை உள்ளே விட்டு வெப்பக் கதிர்களை வெளியே விடாமல் தடுப்பதால்தான் சூடு ஏறுகிறது என்று பாடநூல்களில் படித்திருப்பீர்கள். அது பாதி உண்மையே. 1909இல் அமெரிக்க இயற்பியல் அறிஞர் ஆர். டபிள்யூ. வுட் இரண்டு பெட்டிகளை எடுத்துக்கொண்டார். ஒன்றைக் கண்ணாடித் தகட்டாலும், மற்றொன்றை வெப்பக் கதிர்களை வெளியே விடக்கூடிய பாறை உப்புத் தகட்டாலும் மூடி வெயிலில் வைத்தார். இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவே சூடாயின. ஆகவே சூடு தங்குவதற்கு முதன்மைக் காரணம், சூடான காற்று மேலெழுந்து வெளியேற வழியில்லாமல் சிறைப்பட்டிருப்பதே.

இது எவ்வளவு வேகமாக நடக்கிறது தெரியுமா? 2005இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, மூடிய காரினுள் ஒரு மணி நேரத்தில் வெப்பநிலை சராசரியாக 22 டிகிரி செல்சியஸ் உயர்வதைக் கண்டது. அதில் 80 விழுக்காடு உயர்வு முதல் அரை மணியிலேயே நிகழ்ந்துவிடுகிறது. கண்ணாடியைச் சிறிது இறக்கி வைத்தாலும் பெரிய வேறுபாடு இல்லை. இது மிதமான வெயில் நாள்களில் கண்ட முடிவு. நம் கோடையைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

ஆகவே வாசகர்கள் மறக்கக்கூடாத செய்தி இது: "இரண்டே நிமிடத்தில் வந்துவிடுகிறேன்" என்று குழந்தையையோ, தூங்கும் முதியவரையோ காரினுள் விட்டுச் செல்லாதீர்கள். குழந்தையின் உடல் பெரியவர்களின் உடலைவிடப் பன்மடங்கு வேகமாகச் சூடேறும். பூட்டிய காருக்குள் குழந்தைகள் மாண்ட செய்திகள் நம் நாட்டிலும் பலமுறை வந்திருக்கின்றன. வீட்டு வாசலில் நிற்கும் காரைப் பூட்டி வைப்பதும், சாவியைக் குழந்தைகளுக்கு எட்டாமல் வைப்பதும் இதே காரணத்துக்காகத்தான்.

சூடு எங்கே ஒளிந்திருக்கிறது?

ஒரு காரினுள் இருக்கும் காற்றின் கன அளவு சுமார் 3 கன மீட்டர். எடை ஏறத்தாழ மூன்றரை கிலோ. இதை 55 டிகிரியிலிருந்து 25 டிகிரிக்குக் குளிர்விக்க எடுக்க வேண்டிய வெப்பம் சுமார் 105 கிலோஜூல். இது மிகச் சிறிது. ஆனால் இருக்கைகள், டாஷ்போர்டு, கதவுகளின் உட்பலகைகள் ஆகியவற்றில் 100 கிலோ பொருள் சூடாகியிருப்பதாகக் கொள்வோம். அதை 25 டிகிரி குளிர்விக்க 3,000 கிலோஜூலுக்கு மேல் எடுக்க வேண்டும். காற்றைப் போல 30 மடங்கு!

இதிலிருந்து இரண்டு உண்மைகள் பெறப்படுகின்றன. முதலாவது, சூடான காற்றை வெளியேற்ற ஏ.சி. தேவையில்லை, கதவே போதும். ஒரு பக்கத்துக் கண்ணாடியை இறக்கிவிட்டு, எதிர்ப்பக்கக் கதவை நாலைந்து முறை விசிறிபோலத் திறந்து மூடுங்கள். அனல்காற்று வெளியேறி, வெளிக்காற்று உள்ளே புகும். இரண்டாவது, பொருள்களில் ஒளிந்திருக்கும் சூட்டை ஓடும் காற்றுதான் இலவசமாக எடுத்துச் செல்லும். எனவே நின்றுகொண்டே ஏ.சி.யை ஓட்டுவதை விட்டு, எல்லாக் கண்ணாடிகளையும் இறக்கிக்கொண்டு, வெளிக்காற்று உள்ளே வரும் நிலையில் ஓரிரு நிமிடங்கள் காரை ஓட்டுங்கள். வெளியே 38 டிகிரி என்றாலும், உள்ளே 55 டிகிரியில் இருக்கும் இருக்கைக்கு அது குளிர்ந்த காற்றுதான்.

அதைவிட நல்லது, சூட்டை உள்ளே விடாதிருப்பது. மர நிழல் கிடைத்தால் நூறடி கூடுதலாக நடந்தாலும் பாதகமில்லை. நிழல் இல்லையென்றால் முன்கண்ணாடிக்கு உட்புறம் வெள்ளி நிறத் தட்டியை வையுங்கள். கறுப்புத் தாள் ஒட்டி இதைச் செய்ய முயல வேண்டாம். 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி முன், பின் கண்ணாடிகள் குறைந்தது 70 விழுக்காடும், பக்கக் கண்ணாடிகள் 50 விழுக்காடும் ஒளியை உள்ளே விட வேண்டும். 2009இல் வந்த மூன்றாம் தலைமுறை பிரியஸின் சில வகைகளில், கூரையில் பதித்த சூரிய மின்தகடு, கார் நிற்கும்போது விசிறியை ஓட்டிச் சூடான காற்றை வெளியேற்றியது. வெயிலைக் கொண்டே வெயிலை விரட்டும் உத்தி அது.

உள்காற்றா, வெளிக்காற்றா?

ஏ.சி. பொத்தான்களில் பலரும் கவனிக்காதது, காருக்குள் வளைந்து திரும்பும் அம்புக்குறி போட்ட பொத்தான். அதை அழுத்தினால் உள்ளிருக்கும் காற்றே மீண்டும் மீண்டும் குளிர்விக்கப்படும். அழுத்தாவிட்டால் வெளிக்காற்று உள்ளே வரும்.

கடற்கரை மாவட்டமான செங்கற்பட்டில் இதன் மதிப்பு மிகுதி. நண்பகலை ஒட்டி மாமல்லபுரத்தில் வீசத் தொடங்கும் கடற்காற்று, சற்றுப் பொறுத்து உள்நாட்டுக்கும் வந்து சேர்கிறது. வெப்பத்தை அது தணித்தாலும் ஈரத்தைக் கொண்டுவருகிறது. 35 டிகிரி வெப்பமும் 60 விழுக்காடு ஒப்பு ஈரப்பதமும் உள்ள ஒரு கன மீட்டர் காற்றில் ஏறத்தாழ 24 கிராம் நீராவி இருக்கிறது. அதை 10 டிகிரிக்குக் குளிர்வித்தால் சுமார் 9 கிராம் மட்டுமே தங்க முடியும். மிச்சமெல்லாம் நீராகிவிடும். நிறுத்திய காரின் அடியில் சொட்டும் நீர் இதுவே. கார் ஒழுகுகிறது என்று அஞ்ச வேண்டாம்.

ஆனால் நீராவி நீராகும்போது தன் உள்ளுறை வெப்பத்தை விட்டுச் செல்கிறது. கிராமுக்கு ஏறத்தாழ 2.45 கிலோஜூல் வீதம், இந்த ஒரு கன மீட்டர் காற்றில் அது 34 கிலோஜூலுக்கு மேல். காற்றைக் குளிர்விக்க எடுக்கும் வெப்பமோ 29 கிலோஜூல்தான். காற்றைக் குளிர்விப்பதைவிடக் காய வைப்பதற்கே செலவு அதிகம்! இதுவே 25 டிகிரியில் 50 விழுக்காடு ஈரப்பதத்துடன் உள்ள உள்காற்றாக இருந்தால் இரண்டு செலவும் சேர்ந்து ஏறத்தாழ 23 கிலோஜூல். வெளிக்காற்றின் 63 கிலோஜூலோடு ஒப்பிட்டால் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல். எனவே, உள்ளே வெளியைவிடச் சூடாக இருக்கும் முதல் சில நிமிடங்களுக்கு வெளிக்காற்று. உள்ளே குளிர்ந்த பிறகு உள்காற்று. இதுவே விதி.

அப்படியானால் நாள் முழுதும் உள்காற்றிலேயே ஓட்டலாமா? கூடாது. அமைதியாக உட்கார்ந்திருக்கும் ஒருவர் மணிக்கு ஏறத்தாழ 18 லிட்டர் கரியமில வாயுவை வெளியிடுகிறார். நால்வர் இருந்தால் பத்து நிமிடத்தில் 12 லிட்டர். மூவாயிரம் லிட்டர் கொள்ளும் காரில் வெளிக்காற்றே கசியவில்லை என்று கொண்டால், பத்து நிமிடத்திலேயே அது பத்தாயிரத்தில் 40 பங்காகும். வெளிக்காற்றிலோ அது பத்தாயிரத்தில் 4 பங்குக்குச் சற்று மேல்தான். நடைமுறையில் இடுக்குகள் வழியே காற்று கசிவதால் இவ்வளவு ஏறாது. எனினும் நேரம் ஆக ஆக மந்தமும் தலைபாரமும் கொட்டாவியும் வரும் அளவுக்கு ஏறிவிடும். இரவில் நெடுஞ்சாலையில் வண்டி ஓட்டுபவருக்கு அந்த மந்தம் உயிருக்கே ஆபத்து. ஆகவே கால் மணிக்கு ஒருமுறை ஓரிரு நிமிடங்கள் வெளிக்காற்றை உள்ளே விடுங்கள். அதற்காகும் செலவு சொற்பமே.

குளிர்ச்சியின் விலை

இப்போது பெட்ரோல் கணக்குக்கு வருவோம். கார் ஓரளவு குளிர்ந்தபின் அமுக்கி சராசரியாக 1 கிலோவாட் மின்சாரம் எடுப்பதாகக் கொள்வோம். ஒரு மணி நேரத்தில் அது 1 யூனிட். வீட்டு மின்கட்டண அட்டையில் நாம் காணும் அதே யூனிட்தான். ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறத்தாழ 9 யூனிட் ஆற்றல் இருந்தாலும், எஞ்சின் அதில் மூன்றில் ஒரு பங்கையே வேலையாக மாற்றும். ஆகவே ஒரு யூனிட் குளிர்ச்சிக்கு மூன்றில் ஒரு லிட்டர் பெட்ரோல் செலவாகும். மின்கல அடுக்கிலிருந்து ஓடினாலும், அந்த மின்சாரத்தில் பெரும்பகுதி பெட்ரோலிலிருந்தே வந்தது. ஹைபிரிட் காரில் எதுவும் இலவசமில்லை.

லிட்டருக்கு 20 கி.மீ. ஓடும் கார் மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் சென்றால் மணிக்கு 4 லிட்டர் செலவாகும். அதில் ஏ.சி.யின் பங்கு பன்னிரண்டில் ஒன்று. அதே கார் தாம்பரம் நெரிசலில் மணிக்கு 20 கி.மீ. நகர்ந்தால் செலவு 1 லிட்டர், ஏ.சி.யின் பங்கு மூன்றில் ஒன்று! நெரிசலில்தான் ஏ.சி. அதிகம் தின்கிறது. ஹைபிரிட் கார் மிச்சம் பிடிப்பதும் அங்கேதான். பிடித்த மிச்சத்தை ஏ.சி. விழுங்கிவிடாமல் பார்த்துக்கொள்வது நம் கையில் இருக்கிறது.

அப்படியானால் கண்ணாடியைத் திறந்துகொண்டு போகலாமா? காற்றின் எதிர்ப்பை வெல்லத் தேவையான திறன் வேகத்தின் முப்படிக்கு ஏற்பக் கூடுகிறது. நடுத்தரக் கார் ஒன்றுக்கு 40 கி.மீ. வேகத்தில் அது அரை கிலோவாட்டுக்குச் சற்று மேல், 80 கி.மீ. வேகத்தில் எட்டு மடங்காகி நாலரை கிலோவாட். கண்ணாடிகளைத் திறப்பதால் எதிர்ப்பு 10 விழுக்காடு கூடுவதாகக் கொண்டால், குறைந்த வேகத்தில் கூடும் செலவு ஒரு சிறு மின்விளக்கு அளவே. 80 கி.மீ. வேகத்திலோ கிட்டத்தட்ட அரை கிலோவாட். அதற்கு மேல் ஏ.சி.யின் செலவை அது நெருங்கிவிடும். எனவே கிராமத்துச் சாலையில் மாலைக் காற்றில் கண்ணாடியைத் திறந்து ஓட்டுங்கள்; நெடுஞ்சாலையில் மூடி ஓட்டுங்கள். தூசியும் இரைச்சலும் குறைவது கூடுதல் லாபம்.

எத்தனை டிகிரியில் வைப்பது?

18 டிகிரியில் வைத்தால் கார் விரைவாகக் குளிரும் என்பது பரவலான நம்பிக்கை. சூடான காரில் தானியங்கி முறையில் 25 டிகிரியில் வைத்தாலும் அமுக்கியும் விசிறியும் முழு வேகத்தில்தான் தொடங்கும். வேறுபாடு பின்னால்தான் தெரியும்: 25 டிகிரியை எட்டியதும் அமுக்கி தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், 18 டிகிரிக்கோ ஓயாமல் ஓடும். மின்சார அமுக்கி எஞ்சினைச் சாராமல் தேவைக்கேற்ற வேகத்தில் சுழலக்கூடியது என்பதால், ஹைபிரிட் காரில் ஒவ்வொரு டிகிரியும் மிச்சமாக மாறும். அறைகளுக்கான ஏ.சி.களில் 24 டிகிரியே தொடக்க அளவாக இருக்க வேண்டும் என்று 2020 ஜனவரி முதல் நம் நாட்டில் விதி உள்ளது. ஒரு டிகிரி உயர்த்தினால் சுமார் 6 விழுக்காடு மின்சாரம் மிஞ்சும் என்பதே அதன் அடிப்படை. காரிலும் 24 முதல் 26 டிகிரி போதுமானது.

மின்கலத்துக்கும் வேர்க்கும்

பெட்ரோலை மிச்சப்படுத்துவதாக எண்ணி, கடும் கோடையிலும் ஏ.சி.யே போடாமல் ஓட்டுபவர்கள் உண்டு. ஹைபிரிட் காரில் இது சிக்கனமாகாது. பல ஹைபிரிட் கார்களில் மின்கல அடுக்கு, காருக்குள் இருக்கும் காற்றை உறிஞ்சித்தான் தன்னைக் குளிர்வித்துக்கொள்கிறது. நமக்கு இதமான வெப்பநிலையே அதற்கும் இதமானது. 40 டிகிரிக்கு மேல் அதன் ஆயுள் குறையும். மிகச் சூடானால் காரின் கட்டுப்பாட்டுக் கருவி மின்கலத்தின் பயன்பாட்டையே குறைத்துவிடும். எஞ்சின் கூடுதலாக உழைக்கும். இறுதியில் பெட்ரோலும் போய், விலையுயர்ந்த மின்கலமும் கெடும்.

இந்தக் காற்றுத் துளை பெரும்பாலும் இருக்கையின் பக்கவாட்டிலோ அடியிலோ இருக்கும். ஊருக்குப் போகும்போது மூட்டை முடிச்சுகளாலும் போர்வைகளாலும் அதை அடைத்துவிடாதீர்கள். அதன் வலைத்தடுப்பில் தூசி படிந்தால் துப்புரவு செய்யச் சொல்லுங்கள்.

மழைக்காலத்தில்

ஐப்பசி, கார்த்திகையில் கண்ணாடியில் ஆவி படிந்து பாதை மறைவது நாம் அறிந்ததே. ஆவி உட்புறமா, வெளிப்புறமா என்று விரலால் தொட்டுப் பாருங்கள். உட்புறமானால், நம் மூச்சிலும் நனைந்த உடையிலும் உள்ள ஈரமே காரணம். வெளிக்காற்று நிலையில் ஏ.சி.யைப் போட்டு, காற்றைக் கண்ணாடியின்மீது திருப்புங்கள். காய்ந்த காற்று ஈரத்தை உறிஞ்சிவிடும். வெளிப்புறமானால், கண்ணாடி அளவுக்கு மீறிக் குளிர்ந்துவிட்டது என்று பொருள். 30 டிகிரி வெப்பமும் 80 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள காற்று 26 டிகிரிக் கண்ணாடியிலேயே பனித்துவிடும். வைப்பரைப் போட்டு, குளிர்காற்றைக் கண்ணாடியிலிருந்து விலக்கினால் போதும்.

இரண்டு எச்சரிக்கைகள்

ஹைபிரிட் கார் சத்தமின்றி நிற்பதால் எஞ்சின் அணைந்துவிட்டது என்று எண்ணிவிடக்கூடாது. இரண்டாம் தலைமுறை பிரியஸின் மின்கல அடுக்கு 201.6 வோல்ட்டு, 6.5 ஆம்பியர்-மணி, பெருக்கினால் 1.3 யூனிட்தான். அதிலும் பாதிக்குக் குறைவாகவே பயன்படுத்த விடுவார்கள். ஏ.சி. அதை அரை மணியில் தீர்த்துவிடும். உடனே எஞ்சின் தானாகவே கிளம்பிவிடும். ஆகவே மூடிய காரேஜில் ஏ.சி.யைப் போட்டுக்கொண்டு உறங்காதீர்கள். எஞ்சின் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. உறங்குபவரை எழுப்பாமலே கொன்றுவிடும்.

அடுத்தது மெக்கானிக் நண்பர்களுக்கு. மின்சார அமுக்கியில் ஊற்றும் எண்ணெய் மின்சாரம் கடத்தாத தனி வகை. பெல்ட்டு அமுக்கிக்குரிய எண்ணெய் கலந்தால் மின்காப்பு கெட்டு, அமுக்கியே பழுதாகும். ஆரஞ்சு நிறக் கேபிள்களில் ஓடுவது உயர் மின்னழுத்தம். பயிற்சி பெறாத கை அதைத் தொடக்கூடாது.

செய்து பாருங்கள்

மாணவர்களுக்கு ஓர் எளிய சோதனை. ஒரே அளவான இரண்டு கண்ணாடிப் புட்டிகளில் ஒவ்வொரு வெப்பமானியும், ஒரு துண்டுக் கறுப்புத் துணியும் வையுங்கள். ஒன்றின் வாயை மூடுங்கள். மற்றதைத் திறந்து வையுங்கள். இரண்டையும் வெயிலில் வைத்து, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வெப்பநிலையைக் குறித்து வரைபடம் வரையுங்கள். பிறகு மூடிய புட்டியை வெள்ளைத் தாளால் போர்த்தி மீண்டும் பாருங்கள். முதல் வரைகோடு எந்த ஐந்து நிமிடத்தில் மிகச் செங்குத்தாக ஏறுகிறது என்பதைக் கவனித்து, உங்கள் வீட்டில் கார் ஓட்டுபவரிடம் அந்த வரைபடத்தைக் காட்டுங்கள்.